ஒரே சத்தம் போடும் இரண்டு கேமராக்கள்

கல்யாணம் தங்கைக்கு. பொருத்தம் பார்த்ததெல்லாம் கேமராவுக்கு.

அவள் தன் மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கப் பெரிதாக ஒன்றும் மெனக்கெடவில்லை. குளியலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று சொல்ல மேல்வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவனைப் பிடித்துப் போயிற்று. அப்புறம் தண்ணீர் சொட்டாத நாளிலும் போய்த் தட்டினாள். விஷயம் முடிந்தது. அவளுடைய அண்ணனுக்கோ அதே காலத்தில் ஒரு கேமரா பாடியை முடிவு செய்ய முடியவில்லை. லென்ஸைக் கழற்றினால் மிச்சமிருக்கிற பெட்டிக்குத்தான் பாடி என்று பெயர். அதுவும் பிலிம் போட்டுச் சுற்றுகிற பழைய காலத்துப் பாடி. அதிலும் ஒன்று போதாதாம், ஜோடியாக வேண்டுமாம்.

"ஒரு கல்யாணத்தை ஒரே பாடியை நம்பி எடுக்கறவன் மடையன்," என்றான் அண்ணன், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. "நடுவுல ஒண்ணு மக்கர் பண்ணிச்சுன்னா? அதோட ஒண்ணுல கலர், இன்னொண்ணுல கறுப்பு வெள்ளை. ரெண்டும் ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே சத்தம். அப்பத்தான் கை யோசிக்காது."

"கை யோசிக்காதுதான்," என்றாள் அண்ணி. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவனைப் பற்றிய கணக்கை எப்போதோ போட்டு முடித்தவள். "கழுத்துக்கு மேல இருக்கறதாவது யோசிக்கலாம்ல."

"சாப்பிடற நேரத்துல பாடி பாடின்னு பேசாதீங்கடா," என்றார் அப்பா.

அண்ணனிடம் கல்லூரி நாளில் வாங்கிய பிலிம் கேமரா ஒன்று ஏற்கெனவே இருந்தது. நன்றாக வேலையும் செய்தது. அதுதான் அதன் குற்றம். வேலை செய்கிற கேமராவை வைத்துக்கொண்டு புதிதாகத் தேட முடியாதே! "அது ஜோடி சேராது" என்று அதை ஒதுக்கிவிட்டான். வாகன விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் நசுங்கிய கார்களின் கீறலை டார்ச் அடித்துப் பார்ப்பது அவன் உத்தியோகம். கீறலைத் தேடித் தேடி, கீறல் இல்லாத பொருளைப் பார்த்தால் சந்தேகப்படுகிற கண் வந்துவிட்டது அவனுக்கு. தங்கையின் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுப்பேன், வெளியாள் எவனும் வரக் கூடாது என்று அவன் சத்தியம் செய்தபோது, அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். கூடப் பிறந்த அண்ணனாயிற்றே, முகத்தில் அடித்தாற்போல் எப்படிச் சொல்வது? அந்தத் தலையாட்டலுக்காக அவள் பின்னால் தன்னையே திட்டிக்கொண்ட திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

ஏனென்றால் அவளுக்கு அந்தக் கல்யாணத்தில் வேண்டியது ஒரே ஒரு படம். தன் அப்பாவும் மேல்வீட்டுக்காரரும், அதாவது அவளுக்கு மாமனாராக வரப்போகிறவரும், பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம்.

இது சாதாரணக் காரியம் இல்லை. இரண்டு பேருக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவு. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் இறங்கி, அங்கேயிருந்து கூடத்துச் சுவருக்கு வந்து, ஆள் உயரத்துக்கு ஒரு ஈரக் கறையாகப் படிந்திருந்தது. அப்பா நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பழுதுபார்ப்பதுகூட முக்கியமில்லை. "ஒப்புக்கட்டும். என் வீட்டுத் தண்ணிதான்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்" என்பார். மேல்வீட்டுக்காரர் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒப்புக்கொள்வாரா? "தண்ணி மேலேயிருந்துதான் கீழ வரணும்னு எந்தச் சட்டமும் இல்ல சார். ஈரம் கீழேயிருந்து மேல ஏறும். விளக்குத் திரியில எண்ணெய் ஏறலையா?" என்று மாடிப்படியில் நின்று பாடமே நடத்தினார். பூமியின் ஈர்ப்புவிசையைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், சொந்தக் குளியலறைக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு வாங்கிவிட்டார்.

அப்பாவின் ஆள்காட்டி விரல் கோணல். என்றோ நீதிமன்றப் பதிவறையில் இரும்புப் பெட்டியின் மூடி விழுந்து உடைந்தது. சேர்ந்தபோது வளைந்தே சேர்ந்தது. கோபம் வந்தால் அந்த விரலைக் கூரையை நோக்கி நீட்டுவார். விரல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். "பாருங்க, அவரே பக்கத்து வீட்டைத்தான் காட்டறார்," என்பார் மேல்வீட்டுக்காரர். இதற்காகவே இரண்டு பேரும் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தார்கள்.

இப்படிப்பட்ட இருவரையும் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்ததே பெரும்பாடு. பதிவு அலுவலகத்துக்கு வருவோம், கையெழுத்துப் போடுவோம், போய்விடுவோம் என்றார்கள். அவள் விடவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு ஒரே ஒரு போட்டோ. நடுவுல யாரும் வேண்டாம், நான்கூட வேண்டாம். அது போதும் எனக்கு" என்று அழுதும் மிரட்டியும் பட்டினி கிடந்தும் சம்மதம் வாங்கிவிட்டாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கூடத்துச் சுவரில் அந்த ஈரக் கறையின் மேலேயே மாட்டுவது அவள் திட்டம். ஒன்றாய் நின்றதற்குச் சாட்சி சுவரில் தொங்கும்போது, அப்புறம் யார் முகத்தை யார் திருப்பிக்கொள்வது? நாளைக்கு மேல்வீட்டில் வாழப்போகிறவள், கீழ்வீட்டுக்குப் போவதற்கு மாமனாரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து இறங்க முடியாது. அவளுக்கு அந்தப் படம் அலங்காரமில்லை, சமாதான ஒப்பந்தம்.

இது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஜோடி தேடினான்.

தேடினான் என்றால், பிள்ளைக்குப் பெண் பார்க்கிற தாயார் தோற்றாள். கறுப்பு நிறத்தில் கீறல் தெரியாது, எனவே கறுப்பை நம்பக் கூடாது, வெள்ளிநிறம்தான் வேண்டும் என்றான். பேட்டரி போட்டால் ஓடுவது பிடிக்காது, சாவி கொடுத்த கடிகாரம் போல் தானாக ஓட வேண்டும் என்றான். ஊரில் இப்படிப்பட்ட பழைய கேமராக்களை விற்கிற கடை ஒன்றுதான். கடைக்காரர் வாயைத் திறந்தால் டாக்டர்தான் வருவார். "இது ஒரு டாக்டர் வச்சிருந்தது சார். ஞாயித்துக்கிழமை மட்டும் தொடுவார்." அடுத்ததை எடுத்தால், "இதுவா? இது கண் டாக்டர்." அந்தக் கடையில் இருக்கும் சரக்கையெல்லாம் டாக்டர்கள் வைத்திருந்தது உண்மையானால், ஊரில் ஒருவருக்கும் வைத்தியம் நடந்திருக்காது.

ஒரு சனிக்கிழமை தங்கையையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். "நீதான் காது பாக்கறவளாச்சே" என்றான். அவளுக்குக் காது மருத்துவமனையில் வேலை. சத்தம் புகாத அறையில் ஆளை உட்காரவைத்து, மெல்லிய ஓசைகளைக் காதில் விட்டு, கேட்டால் கையைத் தூக்குங்கள் என்பாள். அந்தத் திறமை கேமரா கடையில் என்ன செய்யும்? அவளை முக்காலியில் முதுகைக் காட்டி உட்காரவைத்துவிட்டு, பின்னால் நின்று ஒவ்வொரு பாடியாக எடுத்து, படம் பிடிக்கும் பொத்தானைத் தட்டினான் அண்ணன்.

"டக்." 

"இப்ப இது." 

"டக்."

"ரெண்டும் ஒண்ணுதான்ணா."

"நல்லாக் கேளு. ரெண்டாவதுல வால் கொஞ்சம் நீளம்."

"டக்குக்கு ஏதுண்ணா வாலு?"

"சார் சொல்றது சரி," என்றார் கடைக்காரர், வாங்க வந்தவரோடு எதிர்க்கட்சி ஏன் என்று. "முதல்ல இருக்கறது பல் டாக்டரோடது. கை கொஞ்சம் அழுத்தம்."

அந்த ஜோடி வேண்டாம் என்றாயிற்று. அடுத்த சனிக்கிழமை வேறு ஜோடி. ஒன்றின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, ஒளி புகாமல் அடைத்திருக்கும் பஞ்சு பழுத்துவிட்டது என்றான். அதற்கடுத்த வாரம், பின்கதவு மூடுகிற சத்தம் ஒத்துப்போகவில்லை. கல்யாணப் பெண் இதற்குள் உடை எடுத்து, அழைப்பு அனுப்பி, அலுவலகத்தில் விடுப்பு வாங்கி, மாப்பிள்ளையோடு ஒரு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிட்டாள். கடைசியில் கடைக்காரர் மேல் அலமாரியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து, துணியால் துடைத்து, "இது இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேர், ரெண்டு பேருமே டாக்டர்" என்றார். அண்ணன் தட்டிப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். தங்கை திரும்பிப் பார்த்தாள். முதல் வாரம் வால் நீளம் என்று தள்ளிவிட்ட அதே ஜோடி. கடைக்காரர் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"எப்படி? சத்தம் சேருதா?" என்றான் அண்ணன்.

"சேருதுண்ணா. ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு," என்றாள் அவள். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பாடிகள் வீட்டுக்கு வந்தன. வந்தவற்றுக்கு உபசாரம் தொடங்கியது. ஜன்னலோரத்தில் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, இரண்டையும் அருகருகே நிறுத்தி, ஒதுக்கிவைத்த பழைய கேமராவை எடுத்து அவற்றைப் படம் பிடித்தான். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, காலை வெயிலில் ஒன்று, மாலை வெயிலில் ஒன்று என்று ஒரு முழுச் சுருள். கல்யாணப் பெண் அதே கூடத்தில் இரண்டு உடைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஒரு படம் எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

சுருள் முடிந்ததும் அதைப் பின்னோக்கிச் சுற்றி வெளியே எடுத்தான். எடுத்து முடித்த சுருளை முழுக்க உள்ளே சுற்றிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. நுனி வெளியே தெரியாவிட்டால் முடிந்த சுருள், நுனி நாக்கு நீட்டிக்கொண்டிருந்தால் புதுச் சுருள். குழந்தைக்கும் குழப்பம் வராது. அண்ணன் பெரிய கை ஆயிற்றே! அவன் தன் கறுப்பு வெள்ளைப் படங்களைக் குளியலறையில் தானே கழுவுகிறவன். கழுவும்போது சுருளை இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று, முடிந்ததற்கும் நாக்கை வெளியே விட்டுத்தான் எடுப்பான். எடுத்ததை ஒரு தகர டப்பாவில் போட்டான். அதே டப்பாவில்தான் புதுச் சுருள்களும் இருந்தன.

"எல்லாம் ஒரே மாதிரி நாக்கை நீட்டிக்கிட்டு இருக்கே. எது எடுத்தது, எது எடுக்காததுன்னு எப்படித் தெரியும்?" என்று தங்கை கேட்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றான் அண்ணன்.

அவ்வளவு உறுதியாகச் சொன்னான். அந்தக் குரலைக் கேட்டால் யாருக்குமே நம்பத் தோன்றும்.

கல்யாண நாளில் பதிவு அலுவலக வாசலிலேயே அவன் ஒரு சட்டம் போட்டான். யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது. "எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சா என் ஃப்ரேம் முழுக்கக் கைதான் இருக்கும்" என்று சொல்லி, வந்தவர்களின் போன்களையெல்லாம் அண்ணியின் தோள்பையில் போடவைத்தான். மாப்பிள்ளை தயங்கியபடி அவளைப் பார்த்தான். "குடுத்துடுங்க, ஒரு நாள்தானே," என்றாள் அவள். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வார் மாட்டி, நெஞ்சில் இரண்டு கேமராவும் டங் டங் என்று இடித்துக்கொள்ள, தண்ணீர் இறைக்கப் போகிறவன் போல் உள்ளே நுழைந்தான் அண்ணன். டாக்டர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொட்ட பாடிகள் அன்றைக்கு வாங்கிய இடி ஆயுசுக்கும் போதும்.

அறை சின்னது. மேசை, அதன் பின்னால் பதிவாளர் அம்மா, சுவரோரம் இரும்பு நாற்காலிகள். அப்பா ஒரு கோடியில், மேல்வீட்டுக்காரர் மறு கோடியில். கையெழுத்துகள் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். அங்கே ஒழுகல் எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் எழுந்து வந்தார். மேல்வீட்டுக்காரரும் வந்தார். இரண்டு பேரும் ஜன்னலுக்கு எதிரில், இடையில் ஓர் ஆள் புகுமளவு இடம் விட்டு நின்றார்கள்.

"ஒட்டி நில்லுங்க. இன்னும். இன்னும்," என்றான் அண்ணன்.

அந்த நேரம் பார்த்துப் பதிவாளர் அம்மா அவளைக் கூப்பிட்டார். ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதாம். அவள் மேசைக்குக் குனிந்தாள். வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டுக் காத்திருந்த காட்சி அவளுடைய முதுகுக்குப் பின்னால் நடந்தது. காதால்தான் கேட்டாள்.

முதலில் கலர் கேமராவை எடுக்கும் சத்தம். பிறகு, "இல்ல, இது கறுப்பு வெள்ளைக்கு ஏத்த படம்" என்ற முணுமுணுப்பு. அது மாறும்போது டங். பிறகு ஒளி அளக்கும் கருவியை அப்பாவின் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோயிருக்க வேண்டும். "என்னடா இது, ஜுரம் பாக்கறியா?" என்றார் அப்பா. "அசையாதீங்கப்பா." மறுபடியும் டங். "இல்ல, கலரே எடுத்துடலாமா?" நிற்கிற இருவருக்கும் வயதானது அவனுக்கு ஞாபகமில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு.

அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள். மேல்வீட்டுக்காரர் தாழ்ந்த குரலில், "உங்க பையன் எப்பவுமே இப்படித்தானா?" என்றார்.

அப்பா, "சின்ன வயசிலேர்ந்தே" என்றார்.

"என் கிளாஸ்ல இருந்திருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்."

"ஏத்தியிருக்கணும் சார். நாங்க விட்டுட்டோம்."

இரண்டு பேரும் பேசுகிறார்கள்! திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயந்து, குனிந்தபடியே தன் பெயரை மெதுவாக, மிக மெதுவாக எழுதினாள்.

"டக்."

அவள் திரும்பியபோது இருவரும் பழையபடி ஆளுக்கொரு கோடிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

"ஒண்ணுதான் எடுத்தியாண்ணா? இன்னொண்ணு எடுத்துடேன்."

"நல்ல படத்துக்கு ஒண்ணே போதும்," என்றான் அண்ணன். "இது வரலாறு. எழுதி வச்சுக்கோ."

கலர்ச் சுருள்கள் கடையில் கழுவி வந்தன. பதிவு அலுவலகத்தின் மின்விசிறி, பூங்கொத்தின் நிழல், பதிவாளர் அம்மாவின் மூக்குக்கண்ணாடி, அவளுடைய பிடரி, அவளுடைய செருப்பு. அவள் கல்யாணத்தில் அவளைவிட அவள் செருப்புக்கு அதிகப் படம் இருந்தது. போகட்டும், அவளுக்கு வேண்டியது கறுப்பு வெள்ளைச் சுருளில் இருக்கிறது என்று பொறுத்துக்கொண்டாள்.

அந்தச் சுருளை அண்ணன் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கழுவினான். வெளியே வந்தபோது முகம் பேயறைந்தாற்போல் இருந்தது. "மேல்வீட்டுத் தண்ணி சொட்டிக் கெடுத்துருச்சு" என்றான் முதலில். சொட்டுத் தண்ணீர் கேமரா வடிவத்திலா விழும் என்று அண்ணி கேட்டபோதுதான் உண்மை வந்தது. தகர டப்பாவில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்த சுருள்களில், வெல்வெட் துணியில் புதுக் கேமராக்களை நிற்கவைத்து எடுத்த சுருளையே மறுபடி மாட்டிக்கொண்டு போய்க் கல்யாணத்தை எடுத்திருக்கிறான். ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏறி உட்கார்ந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது.

இதை வேறு யாராக இருந்தாலும் ஒளித்து வைத்திருப்பார்கள். அண்ணன் பெரிதாக்கிப் பிரதி எடுத்து, சட்டமும் போட்டுக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் கீழ்வீட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னான். அவள் இப்போது மேல்வீட்டில் குடியிருந்தாள். அவள் குளிக்கிற தண்ணீரும் அப்பாவின் சுவரில்தான் வந்து இறங்கியது. மாப்பிள்ளையோடு அவள் இறங்கி வந்தாள். மாமனாரும் வந்தார். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் காகிதத்தைப் பிரித்தான்.

பதிவு அலுவலகத்து ஜன்னல் தெரிந்தது. இரண்டு கோட்டுகள், இரண்டு கழுத்துப்பட்டிகள், நான்கு கால்கள் தெரிந்தன. கழுத்துப்பட்டிகளுக்கு மேலே, தலை இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளியாக மின்னிக்கொண்டு இரண்டு கேமரா பாடிகள். அவ்வளவு அழகாக, அவ்வளவு நேராக, தோளுக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

"எடம் பாத்தியா? மயிரிழைகூட விலகல. நான் பிலிமை மாட்டற சுத்தம் அப்படி," என்றான் அண்ணன். "எங்க பிலிம் கேமராக் குழுவுல எல்லாரும் இது கலைன்னு சொல்றாங்க."

"கலையா? எங்கப்பா முகம் எங்கடா?" என்றாள். அண்ணனை அவள் டா போட்டது அதுதான் முதல் தடவை. "என் கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா முகம் எப்படி இருந்துச்சுன்னு நான் யார்கிட்டடா போய்க் கேப்பேன்? மாசக்கணக்கா ரெண்டு டப்பாவைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டியே, ஒரே ஒரு படம் கேட்டேனே உன்கிட்ட!" அழுகை வந்துவிட்டது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் குனிந்தது வெட்கத்தாலா, படத்தின் மூலையில் ஒரு தூசியைப் பார்ப்பதற்கா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இதில் சந்தோஷப்பட்டவர் அப்பா ஒருவர்தான். "விடும்மா, அழாதே," என்றார், குரலில் ஒரு துள்ளல். "நான் அவர் பக்கத்துல நின்னேன்கறதுக்கு இனிமே ஆதாரமே இல்லை. முகமில்லாத சாட்சியை எந்தக் கோர்ட்டும் ஏத்துக்காது."

"எனக்கும் ஒண்ணும் நஷ்டமில்ல," என்றார் வாசலில் நின்றவர். "அது நானே இல்லை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைக் கையில் வாங்கினாள். வலதுபக்கக் கோட்டின் தோளில் ஏதோ இருந்தது. கிட்டே கொண்டுபோனாள். ஒரு கை. இடதுபக்கக் கோட்டிலிருந்து புறப்பட்டு, பின்னால் சுற்றி வந்து, அடுத்தவர் தோளை இறுகப் பற்றியிருந்த கை. அதன் ஆள்காட்டி விரல் நேராக இல்லை. பக்கத்து வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இது யாரோட விரல்ப்பா?" என்றாள்.

அப்பா பார்த்தார். தன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"கால் வலிச்சுது," என்றார் கடைசியில். "பிடிச்சுக்கிட்டேன். இதுல என்ன இருக்கு? பக்கத்துல சுவர் இருந்தா சுவரைப் பிடிச்சிருப்பேன்."

மேல்வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நேரம் தோள் கொடுத்து நின்றவரைச் சுவர் என்றால்? "சுவரா?" என்றார். "உங்க வீட்டுச் சுவரைப் பிடிக்க முடியுமா சார்? எங்க பாத்ரூம் தண்ணி பூராவும் அதுலதானே ஓடுது! பிடிச்சா கை வழுக்கியிருக்கும்."

என்ன சொன்னோம் என்பது சொன்னவருக்கே அப்புறம்தான் உறைத்தது. விளக்குத் திரியில் ஏறிய எண்ணெயெல்லாம் ஒரே நொடியில் கீழே இறங்கிவிட்டது.

இத்தனை காலம் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அப்பா ஈரச் சுவரோடு குடும்பம் நடத்தினார். கிடைத்த பிறகு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. "இதை... எழுத்துல குடுப்பீங்களா?" என்றார்.

"எழுத்தெல்லாம் எதுக்கு? வேணும்னா ஒரு போட்டோ எடுத்துக்குங்க," என்றார் மேல்வீட்டுக்காரர், விட்டேற்றியாக.

அப்பா சிரித்துவிட்டார். "உள்ள வாங்க சம்பந்தி," என்றார். சம்பந்தி என்று அவர் அந்த மனிதரைக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

"அப்படியே இருங்க! அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டு அண்ணன் அறைக்குள் ஓடினான்.

அங்கேயிருந்து டங் என்று சத்தம் வந்தது. அலமாரி திறந்தது. தகர டப்பா உருண்டது. "கலரா, கறுப்பு வெள்ளையா?" என்று அவன் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது வெளியே கேட்டது. சம்பந்திகள் இரண்டு பேரும் ஈரக் கறைக்கு எதிரில் தோளோடு தோள் நின்று, ஒருவர் தட்டிக் காட்ட மற்றவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். "பாத்ரூம் தரையில எந்த இடத்துல ஓடு விட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். வாங்க, மேல போய்ப் பாத்துடலாம்," என்றார் வாத்தியார். முழங்கால் வலியோடு அப்பா மாடிப்படி ஏறினார். பின்னாலேயே மாப்பிள்ளையும், அந்த அதிசயத்தைப் பார்க்க அண்ணியும் போனார்கள்.

அவள் போகவில்லை. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கோபம் கொஞ்சமும் ஆறாமலும் இருந்தது. ஆணியைத் தேடி எடுத்து, அந்தப் படத்தைக் கறையின் மேலேயே மாட்டினாள். இரண்டு கேமராத் தலைகளும் கூடத்தைப் பார்த்து நின்றன. கீழே அந்தக் கோணல் விரல்.

அண்ணன் கழுத்தில் இரண்டு வாரோடும் ஓடி வந்தான். காலியாக நின்ற இடத்தைப் பார்த்தான். "எங்க போயிட்டாங்க? வெளிச்சம் எவ்வளவு நல்லா இருந்துச்சு!"

"மேல போயிட்டாங்க," என்றாள் அவள்.

"சரி, நீயாவது நில்லு. அந்தப் படத்துக்குப் பக்கத்துல." வலதுபக்கப் பாடியைத் தூக்கி, டக் என்று தட்டினான். சந்தேகம் வந்து இடதுபக்கப் பாடியையும் தூக்கி டக் என்று தட்டினான். அவள் காது பார்க்கிறவள்; கூர்ந்து கேட்டாள். இரண்டிலும் வால் இல்லை. நூலிழைகூட வித்தியாசம் இல்லை.

"எதுலண்ணா பிலிம் இருக்கு?" என்று கேட்டாள்.

அண்ணன் இடதுபக்கத்தைப் பார்த்தான். வலதுபக்கத்தைப் பார்த்தான்.